வெல்டா கேட்ட தோட்டா

மல்பெரி கேப்பில் தேவாலயங்கள் நான்கு. நான்குக்கும் வேதப் புத்தகம் ஒன்றுதான் என்பதால் அவற்றுக்குள் பெரிய தகராறு எழுந்ததில்லை. துப்பாக்கிக் கடை ஒன்றே ஒன்று. ஊரின் மதச் சண்டை முழுவதும் அங்கேதான். ‘நாற்பத்தைந்து’ என்ற கனத்த ரகத் தோட்டாவை நம்புகிறவர்கள் கல்லாவுக்கு இடப்பக்க ஸ்டூல்களில் உட்காருவார்கள். அதைவிட மெலிந்த ஒன்பது மில்லிமீட்டர் ரகத்தை நம்புகிறவர்கள் வலப்பக்கம். காபி மட்டும் பொது.

ஓர் ஆகஸ்டு மாதம் வெல்டா ஹாஸ்க்யூ அந்தக் கடைக்குள் வந்து ஒரு கேள்வி கேட்டார். இரு பக்கத்து ஸ்டூல்களும் வாயடைத்துப் போயின. ஆர்க்கன்சா மலைப்பக்கத்தில் வெள்ளம் வந்தபோதுகூட அது நடக்கவில்லை.

வெல்டாவின் கை படாத தலை அந்த ஊரில் கிடையாது. வீட்டுக்குப் பக்கத்துத் தகரக் கொட்டகையில் முடிதிருத்தும் கடை வைத்திருந்தார். வெள்ளிக்கிழமை அவர் சுருட்டிவிட்ட முடி ஞாயிறு பிரசங்கம் முடியும் வரை அசையாது. பிரசங்கத்தில் பெண்கள் தலையாட்டாததற்கு அதுவும் ஒரு காரணம் என்று பாஸ்டர் சந்தேகப்பட்டதுண்டு. கல்யாணப் பெண்ணுக்கும் வெல்டாதான், சவப்பெட்டியில் படுத்தவருக்கும் வெல்டாதான். இரண்டாவது வகையினர் போனில் பேசிக்கொண்டே தலையைத் திருப்புவதில்லை என்பதால் அவர்கள் மேல் அவருக்குக் கொஞ்சம் கூடுதல் பிரியம்.

இத்தனை வருடக் கத்தரிக்கோல் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது வலது கட்டைவிரலை. விரல் இருந்தது, உணர்ச்சிதான் பாதி போய்விட்டது. மணிக்கட்டு மழைக்கு முந்தின நாளே மழையைச் சொல்லிவிடும். இதே கைதான் ஒரு காலத்தில் அப்பாவின் துப்பாக்கியால் மரத்தின் உச்சிக் கிளையில் இருந்த அணிலைச் சுட்டு மதியச் சாப்பாட்டுக்குக் கொண்டு வந்தது. தேவாலயத்து நிதிக்காக நடந்த குறிபார்க்கும் போட்டியில் டாய்ல் என்ற இளைஞனைத் தோற்கடித்து ஒரு முழுப் பன்றித் தொடையை வென்றதும் அதே கைதான். அந்தப் பன்றித் தொடைக்காகத்தான் அவளைக் கட்டிக்கொண்டேன் என்று டாய்ல் இன்று வரை சொல்லிக்கொண்டிருக்கிறார். யாரும் சிரிப்பதில்லை. அவரும் நிறுத்துவதில்லை.

டாய்ல் கோழி லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். கோழிகள் போய்ச் சேர்ந்தன, முதுகு போய்ச் சேர்ந்தது. கட்டிலில் நீட்டிப் படுக்க முடியாது. கூடத்தில் ஒரு சாய்வு நாற்காலி, அதில்தான் அவருக்குப் பகலும் இரவும். எதிரே டிவி. இடப்பக்கம் ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே, தேன்சிட்டுகளுக்குச் சர்க்கரைத் தண்ணீர் ஊற்றித் தொங்கவிட்ட சிவப்புக் குடுவை. நாற்காலியின் முதுகு படுக்கையறைச் சுவரில் சாய்ந்திருக்கும். உலகத்தில் மனிதன் உட்கார ஒரே ஒரு இடம்தான் சரியானது, அதைத் தான் கண்டுபிடித்துவிட்டோம் என்ற நிம்மதி அவர் முகத்தில் எப்போதும் இருக்கும்.

வெள்ளி விழாக் கல்யாண நாளுக்கு மற்றப் பெண்கள் சங்கிலி வாங்கினார்கள். டாய்ல் வெல்டாவுக்கு ரிப்பன் கட்டிக் கொடுத்தது ஐந்து தோட்டா பிடிக்கிற, குட்டை மூக்கு, ‘முப்பத்தெட்டு’ ரக ரிவால்வர். வெல்டாவுக்கு அது பிடித்திருந்தது. கட்டில் பக்கத்து இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். அப்புறம் இரண்டு பேரும் அதை மறந்தார்கள். சங்கிலியாக இருந்திருந்தால் ஞாயிற்றுக்கிழமையாவது நினைவு வந்திருக்கும்.

நினைவுபடுத்தியது பக்கத்து ட்வைலா வீட்டில் நடந்த திருட்டு. அவள் தேவாலயத்துச் சமையல் கூட்டத்துக்குப் போயிருந்தபோது யாரோ பின்கதவை நெம்பி, மரம் அறுக்கிற இயந்திரத்தையும் உறைபெட்டியிலிருந்த மான்கறி முழுவதையும் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். இயந்திரம் போனதைப் போலீசிடம் சொன்னாள். மான்கறி போனதை ஊரெல்லாம் சொன்னாள்.

அன்றைக்கு வெல்டா இழுப்பறையைத் திறந்தார். தோட்டாக்கள் பச்சை பூத்துக் கிடந்தன. அவற்றை எடுத்து வைத்துவிட்டு, வெறும் துப்பாக்கியோடு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கதவைப் பார்த்தார். எவன் வந்தாலும் அந்தக் கதவு வழியாகத்தான் வர வேண்டும். கதவை நோக்கி நீட்டினார். கட்டைவிரல் சொன்னபடி கேட்கவில்லை. துப்பாக்கியின் மூக்கு கதவை விட்டு ஒரு சாண் இடப்பக்கம் நகர்ந்தது. அந்த இடத்துச் சுவருக்குப் பின்னாலிருந்து டாய்லின் குறட்டை வந்தது.

லாரியில் இழுத்து வந்து நிறுத்துகிற டிரெய்லர் வீட்டில் சுவர் என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். இரண்டு மெல்லிய ஜிப்சம் பலகை, நடுவில் காற்று. குறட்டையே தடையில்லாமல் வந்து போகிற சுவர். வெல்டா துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு அந்தக் குறட்டையைக் கேட்டுக்கொண்டே இருந்தார். அதற்குப் பிறகு அவருக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. திருடன் வந்துவிடுவான் என்ற பயம் பாதிதான். வந்தால் நான் என்ன செய்துவிடுவேனோ என்ற பயம் மீதிப் பாதி.

அப்படித்தான் கார்லண்டின் கடைக்கு வந்தார்.

"கார்லண்ட், வீட்டுக்கு ஒரு தோட்டா வேணும்பா. முப்பத்தெட்டு."

"அதுக்கென்ன அக்கா. நல்லாப் பாய்ற மாதிரியா?" என்றார் கார்லண்ட். அவர் அம்மாவுக்குக் கடைசியாகத் தலை சீவிவிட்டது வெல்டா. அதனால் மற்றவர்களுக்கு ஒரு பெட்டி எடுத்து வைப்பவர் இவருக்கு ஸ்டூலே எடுத்து வைத்தார்.

"பாயக் கூடாது. நிக்கணும்."

"நிக்கணும்னா, எதுல?"

"சுவத்துல. சுவத்துக்கு அந்தாண்ட டாய்ல் தூங்குறாப்ல."

வாயடைத்துப் போனது அப்போதுதான். இடப்பக்கக் கட்சியின் தலைவர் ஹாலிஸ், ஷெரிஃபிடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பணிக்காலம் முழுவதும் அவர் துப்பாக்கி சுட்டது லாரியில் அடிபட்டுக் கிடந்த மான்களை மட்டுமே என்றாலும், ஆளை நிறுத்துவது பற்றி அவருக்குத் தெரியாதது இல்லை. அவரே காபியைக் கீழே வைத்துவிட்டார்.

"வெல்டா, இந்தக் கடைல நின்னுக்கிட்டு நிக்கிற தோட்டா கேக்கலாமா? மீன் கடைல போயி முள்ளு மட்டும் குடுன்னு கேட்ட கதையா இருக்கு."

"சகோதரி கேக்குறதுல நியாயம் இருக்கு," என்றார் வலப்பக்கத்திலிருந்து பாஸ்டர் லோவெல். "மொதல்ல அந்தக் குட்டைய ஓரமா வெச்சிட்டு ஒரு ஒம்பது மில்லி வாங்குங்க. குழி மூக்குத் தோட்டா போடுங்க. பட்டதும் பூ மாதிரி விரிஞ்சு, அங்கயே நின்னுடும். கர்த்தர் கிருபை."

"பூ வேணும்னா அந்தம்மா பூக்கடைக்குப் போயிருக்கும்," என்றார் ஹாலிஸ். "நாப்பத்தஞ்சு வாங்கு வெல்டா. சத்தத்துலயே திருடன் ஞானஸ்நானம் எடுத்துக்குவான்."

"என் மணிக்கட்டு என்னத்த எடுத்துக்கும்?"

"அதுக்கு டாக்டர் இருக்காரு."

கார்லண்ட் இரண்டு பேரையும் கையமர்த்திவிட்டு, முப்பத்தெட்டில் இருந்த பெட்டிகளை வரிசையாக வைத்தார். உருண்டை மூக்குத் தோட்டாவின் பெட்டியில் எழுத்து மட்டும். குழி மூக்குக்கு ஓநாய் படம். எல்லாவற்றிலும் வீரியம் அதிகமானதற்குக் கழுகும் மின்னலும் சேர்ந்தே போட்டிருந்தது. கடைசிப் பெட்டியில் படமே இல்லை. உள்ளே, வெட்டிவிட்ட கரிக்கட்டை மாதிரி தட்டை மூக்கோடு தோட்டாக்கள் உட்கார்ந்திருந்தன.

"இது என்ன, பாதியில நிறுத்திட்டாங்களா?"

"அது பேப்பர் குத்துறது அக்கா. போட்டிக்கு, பழகுறதுக்கு. மெதுவானது. வீட்டுக்கு யாரும் கேக்க மாட்டாங்க."

"இதுல எது நிக்கும்?"

கார்லண்ட் பெட்டிகளைப் பார்த்தார். ஓநாயையும் கழுகையும் பார்த்தார். அவை அவருக்கு உதவவில்லை. "சனிக்கெழம குழிக்கு வாங்க," என்றார்.

குழி என்பது கடைக்குப் பின்னால் ஜல்லி எடுத்து முடித்த பள்ளம். வீட்டுக்குப் புதுத் தோட்டா வாங்குகிறவர் அதை அங்கே ஊரறியச் சுட்டுப் பார்ப்பது மல்பெரி கேப்பில் எழுதப்படாத சட்டம். காலிப் பிளாஸ்டிக் பால் குடங்களில் தண்ணீர் நிரப்பி வரிசையாக வைத்து, முன்னால் பழைய ஜீன்ஸ் துணியை மடித்துத் தொங்கவிட்டு, எத்தனை குடத்தைத் துளைத்துப் போகிறது, தோட்டா எவ்வளவு விரிகிறது என்று பார்ப்பார்கள். யார் சொன்னது பொய்த்ததோ அவர் அன்றைக்கு எல்லோருக்கும் கெளுத்தி மீன் வறுக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்த வெல்டா, சனிக்கிழமை வரைக்கும் போவானேன் என்று நேரான வழியை முயன்று பார்த்தார்.

"டாய்ல், அந்த நாற்காலிய எதிர்ச் சுவத்துப் பக்கம் நவுத்திக்கோயேன்."

"எதுக்கு?"

"நான் சுட்டா உன் மேல பட்டுடும்."

"நீ எதுக்கு என்னைச் சுடுற?"

"உன்னை இல்லப்பா. திருடனை."

"திருடனைச் சுட்டா திருடன் மேல படும். பன்னித் தொடை ஜெயிச்சவதான நீ."

"அப்ப எனக்குக் கட்டைவிரல் இருந்துச்சு."

டாய்ல் டிவியின் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்தார். அவரைப் பொறுத்தவரை அது பெரிய சலுகை. "அப்ப கட்டில நவுத்து."

"கட்டில நவுத்துனா அலமாரிக் கதவு தொறக்காது. அந்த ரூம்ல கட்டில் ஒரே மாதிரிதான் போட முடியும், உனக்கே தெரியும்."

"அப்ப நல்ல தோட்டாவா பாத்து வாங்கு. துப்பாக்கி உன்னுது, நாற்காலி என்னுது." சத்தம் பழைய அளவுக்குப் போனது. ஜன்னலுக்கு வெளியே ஒரு தேன்சிட்டு வந்து குடுவையில் குடித்துவிட்டு, டாய்லின் பக்கம்தான் நியாயம் என்பது போல அந்தரத்தில் கொஞ்ச நேரம் நின்றது.

சனிக்கிழமை குழிக்கு வெல்டா கொண்டு வந்தது பால் குடங்கள் இல்லை. எப்போதோ கூடத்துச் சுவரைப் பழுது பார்த்தபோது மிஞ்சிய பலகைகளை டிரெய்லருக்கு அடியிலிருந்து இழுத்து வண்டியில் போட்டிருந்தார். கார்லண்டை விட்டுச் சட்டம் அடித்து, நடுவில் காற்று விட்டு, இரு பக்கமும் பலகை வைத்துத் தன் வீட்டுச் சுவரையே நிறுத்த வைத்தார். சுவருக்குப் பின்னால் ஒரு பீப்பாய். பீப்பாய் மேல், வயலில் வெடித்துப் போனதென்று கார்லண்டின் தம்பி கொடுத்த தர்பூசணிகளில் ஒன்று. நாற்காலியில் டாய்லின் தலை இருக்கும் உயரத்தை வீட்டிலேயே நாடாவால் அளந்து வந்திருந்தார். எல்லாம் சரியான பிறகு, கைப்பையிலிருந்து தீவனக் கடைக்காரர் கொடுத்த சிவப்புத் தொப்பியை எடுத்துத் தர்பூசணி மேல் மாட்டினார். முன்பக்கம் சேவல் படம் போட்ட தொப்பி.

கெளுத்தி மீனுக்காக வந்திருந்த டாய்ல், வண்டியின் பின்பலகையில் உட்கார்ந்தபடி அதைப் பார்த்தார்.

"அது என் தொப்பி."

"ஆமா."

"என் தொப்பிய எதுக்கு அதுக்கு மாட்டியிருக்க?"

"ஜாடை வரணும்ல."

"ஜாடையெல்லாம் சரியாத்தான் இருக்கு," என்றார் ஹாலிஸ். "என்ன, இது கொஞ்சம் அதிகமாப் பேசுது."

வெல்டா காதடைப்பு மாட்டிக்கொண்டு நின்றார். முதலில் உருண்டை மூக்கு. சுவரில் ஒரு சின்ன ஓட்டை, பின்பக்கமும் அதே அளவு ஓட்டை. தர்பூசணியைத் துளைத்துக்கொண்டு அது பாட்டுக்கு மண்மேட்டுக்குள் போய்விட்டது. யாருக்கும் ஆச்சரியமில்லை. அது அப்படித்தான் என்று இரண்டு கட்சியும் முன்பே ஒத்துக்கொண்டிருந்தன.

அடுத்தது ஓநாய். "இப்பப் பாருங்க சகோதரி," என்று பாஸ்டர் முன்னால் வந்து நின்றார். சுட்டதும் புதுத் தர்பூசணி உடைந்து பாதி பின்னால் போனது, பாதி பக்கவாட்டில் வந்தது. பாஸ்டரின் வெள்ளைச் சட்டையில் விதைகள் ஒட்டிக்கொண்டன. கார்லண்ட் மண்மேட்டில் கிளறித் தோட்டாவை எடுத்து வந்தார். பூ விரியவே இல்லை. மூக்குக் குழி முழுக்கச் சுவர்ப் பலகையின் வெள்ளை மாவு அடைத்துக்கொண்டிருந்தது.

"விருந்துக்குக் கெளம்புனவன் வழியிலயே வயித்த நெரப்பிக்கிட்ட மாதிரி," என்றார் ஹாலிஸ். "மீனு யாரு வறுக்கப் போறாங்கன்னு தெரிஞ்சு போச்சு."

இன்னொரு தர்பூசணி வைத்துத் தொப்பியை மாட்டினார்கள். மூன்றாவது கழுகு. சத்தம் காதடைப்பையும் தாண்டி வந்தது. வெல்டாவின் கை மேலே எகிறியது, மணிக்கட்டு வலியில் அவர் உதட்டைக் கடித்துக்கொண்டார். தர்பூசணி அப்படியே உட்கார்ந்திருந்தது. தொப்பியைக் காணோம். ஹாலிஸ் போய்ப் பொறுக்கி வந்தார். சேவலின் கண் இருந்த இடத்தில் ஓர் ஓட்டை. பின்பக்கமும் ஓர் ஓட்டை.

"பூசணி பொழச்சுக்கிச்சு," என்றார். வழக்கமாக அதற்குப் பின்னால் இன்னொரு வாக்கியம் சொல்வார். டாய்லின் முகத்தைப் பார்த்துவிட்டு, தொப்பியை மட்டும் அவர் கையில் கொடுத்தார்.

கடைசியாக, படம் போடாத பெட்டி. தட்டை மூக்கு. அதுவும் சுவரைத் தாண்டி, தர்பூசணியைத் தாண்டித்தான் போனது. ஆனால் வெல்டாவின் கை எகிறவில்லை. அவர் துப்பாக்கியை ஒரு தடவை பார்த்தார். சுவருக்குப் பக்கத்தில், மீன் சாப்பிட வைத்திருந்த காகிதத் தட்டு ஒன்றை மாட்டச் சொல்லி, மறுபடி நிரப்பி, ஐந்தையும் நிதானமாகச் சுட்டார். ஐந்தும் தட்டுக்குள். அணில் காலத்துக்குப் பிறகு அவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை டாய்ல் பார்த்ததில்லை.

கார்லண்ட் அவர் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்திச் சொன்னார். "அக்கா, நீங்க கேட்ட மாதிரி தோட்டா ஒலகத்துலயே இல்ல. இந்தச் சுவத்துல நிக்கிறது எதுவும் ஆளை நிறுத்தாது. ஆளை நிறுத்துறது எதுவும் இந்தச் சுவத்துல நிக்காது. இத்தன வருஷமா விக்கிறேன், அந்தாண்ட யாரு இருக்காங்கன்னு இதுவரைக்கும் ஒருத்தரும் கேக்கல."

"நீயும் சொல்லலயே."

"பொட்டியில போடல."

மீன் வறுத்தது பாஸ்டர்தான். ஆனால் சாப்பாட்டில் வழக்கமான கச்சேரி இல்லை. ஒவ்வொருவராக மென்று கொண்டே மனதுக்குள் தங்கள் வீட்டுச் சுவர்களைச் சுற்றி வந்தார்கள். ஹாலிஸின் சுவருக்குப் பின்னால் அவருடைய வேட்டை நாய் படுக்கும். இன்றைக்கே நாயை மாற்றிவிடுவதாகச் சொன்னார். பாஸ்டர் தன் சுவருக்குப் பின்னால் மாமியார் படுப்பதாகச் சொன்னார். ஜெபித்துவிட்டு முடிவு செய்வதாகவும் சொன்னார்.

டாய்ல் மீனை ஒரு கையால் தின்றுகொண்டே, இன்னொரு கையின் விரலைத் தொப்பி ஓட்டையில் விட்டு, அந்தப் பக்கம் வந்த விரல் நுனியைப் பார்த்தார். வீடு திரும்பும் வண்டியில் வெல்டாவின் மடியில் தட்டை மூக்குப் பெட்டி இருந்தது. தோட்டாப் பிரச்சினை தீர்ந்தது, தூக்கப் பிரச்சினை தீரவில்லை என்று அவர் நினைத்துக்கொண்டார். இனி துப்பாக்கியை ட்வைலாவிடம் கொடுத்துவிட வேண்டியதுதான். அவளாவது மான்கறியைக் காப்பாற்றட்டும்.

மறுநாள் தேவாலயம் முடிந்ததும், துப்பாக்கியை எடுத்துக்கொள்கிறாயா என்று கேட்க ட்வைலா வீட்டுக்குப் போய்விட்டு வந்தார். கூடத்துக்குள் காலை வைத்ததும் ஏதோ தப்பாகப் பட்டது. படுக்கையறைச் சுவரோரம் கம்பளத்தில் நான்கு பள்ளங்கள் மட்டும் இருந்தன. நாற்காலி எதிர்ச் சுவரில், சமையலறைப் பக்கமாக இருந்தது. அதில் டாய்ல், கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார். தேன்சிட்டு ஜன்னல் இப்போது அவர் முதுகுக்குப் பின்னால். தலையில் ஓட்டைத் தொப்பி.

"நவுத்திட்டியா?"

"அங்க காத்து வரல."

கூடத்தில் காற்று எப்போதும் அங்கே மட்டும்தான் வரும். வெல்டா நாற்காலியைச் சுற்றி வந்து பார்த்தார். "முதுகுக்கு ஆகாதே. நீயா தூக்குன?"

"ஹாலிஸ் வந்தாரு. அவரு நாயையும் கூட்டிட்டு வந்தாரு. அது வேலை செய்யல."

அன்று இரவு குறட்டை வேறு திசையிலிருந்து, கொஞ்சம் தூரத்திலிருந்து வந்தது. கதவுக்கு இடப்பக்கம் ஒரு சாணில் இப்போது வெறும் சுவர், வெறும் கூடம், அதற்கப்பால், ட்வைலாவின் வீட்டுக்கு எதிர்ப்பக்கமாக, மலை மட்டும். துப்பாக்கியை ட்வைலாவிடம் கொடுக்காமல் இழுப்பறையிலேயே வைத்துவிட்ட வெல்டா இரண்டு தடவை அந்தத் திசையை மனதில் சரிபார்த்தார். மூன்றாவது தடவை சரிபார்ப்பதற்குள் தூங்கிவிட்டார்.

காலையில் சர்க்கரைத் தண்ணீர்க் குடுவையைக் கழற்றிச் சமையலறை ஜன்னலுக்கு வெளியே மாட்டினார். டாய்ல் நாற்காலியிலிருந்து தலையைத் திருப்பினால் நேரே தெரியும். ஆனால் பறவைகள் வரவில்லை. அவை பழைய ஜன்னலுக்கு வந்து, குடுவை தொங்கிய இடத்துக் காற்றை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் போயின. டாய்ல் குறை சொல்லவில்லை. சமையலறை ஜன்னலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குறை சொல்லியிருந்தால் வெல்டாவுக்கு எளிதாக இருந்திருக்கும்.

இரண்டு நாள் பொறுத்து, குடுவையில் புதுத் தண்ணீர் ஊற்ற வெல்டா வெளியே போனார். அன்றைக்கு மணிக்கட்டு வலியில் நிரம்பிய குடுவையைக் கொக்கி வரை தூக்க முடியவில்லை. டாய்ல் எழுந்து வந்து, முனகிக்கொண்டே குடுவையைப் பிடித்துத் தூக்கினார். அப்போது அவர் காதுக்குப் பக்கத்தில் ஒரு விர்ரென்ற சத்தம். கட்டைவிரல் அளவுகூட இல்லாத ஒரு தேன்சிட்டு, அவர் தலையில் இருந்த தொப்பியின் சிவப்பைக் கண்டு வந்திருக்க வேண்டும். குடுவையை விட்டுவிட்டுத் தொப்பிக்கு முன்னால் அந்தரத்தில் நின்று, சேவலின் கண் இருந்த ஓட்டைக்குள் தன் நீள மூக்கை விட்டுப் பார்த்தது.

"அசையாத," என்றார் வெல்டா.

"நான் எங்க அசையுறேன்," என்றார் டாய்ல், உதடு அசையாமல். "இந்த வாரம் அசைஞ்சது போதும்."